சரோஜாவின் முதுகெலும்பும் சிவாஜிநகர் எக்ஸ்ரே அறையும்

எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் எலும்பு உடைந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வருவார்கள். மீதிப் பேர், உடையவில்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

வங்கியிலோ, ரேஷன் கடையிலோ, மருந்துக் கடையிலோ, எங்கேயாவது கவுன்டருக்கு உள்பக்கம் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்டது சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில். டார்க்ரூமில் பிலிம் கழுவும் வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தேன். எடுக்கிறவர் கையைப் பார்த்துப் பார்த்துப் படம் எடுக்கப் பழகினேன். டாக்டர்கள் கழித்துப்போட்ட பழைய புத்தகங்களை அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, டார்க்ரூமில் துடைப்பமும் பக்கெட்டும் வைத்தார்கள். இப்போது கதிர் பாய்ந்த மறுகணமே எலும்பு திரையில் வந்து நிற்கிறது. வம்பே அங்கேதான் ஆரம்பம். முன்பு பிலிம் காயும்வரையாவது ஜனங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே எழுதுவதெல்லாம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தவை. வெளியாட்களோடு அறைக்குள் மல்லுக்கட்டியது ஒரு பக்கம். அதே சமயம் வீட்டில் ஓர் ஆள் எக்ஸ்ரே என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அவள் என் மனைவி சரோஜா.

பலகை

எங்கள் வீடு ஜோகுபாளையத்தில், முதல் மாடி. ஒருநாள் கேஸ்காரன் சிலிண்டரை மாடிப்படிக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. சரோஜா தானே தூக்கிப் படியேறினாள். பாதிப் படியில் முதுகில் சுளீர் என்றதாம். அன்றிலிருந்து தையல் மெஷினில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. வீடெல்லாம் தைல வாசனை. சில மாதங்கள் கழித்து இன்னொன்றையும் கவனித்தேன். சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பா வைக்கும் பலகை அவளுக்கு எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறி எடுத்தாள். அத்தனை வருஷமும் நின்ற இடத்திலிருந்து எடுத்தவள்தான்.

எங்கள் சென்டரில் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "கனம் தூக்கினதும் வலி வந்திருக்கு, உயரம் வேற குறையுது. முதுகெலும்புல ஒரு கட்டை நசுங்கியிருக்கும்னு நினைக்கிறேன். ஒண்ணு நசுங்கினா அடுத்தது க்யூவில நிக்கும். அப்புறம் ஒருநாள் பாத்ரூம்ல வழுக்கினா இடுப்பெலும்பு போயிடும், அதோட படுக்கைதான். படம் பார்த்தா மருந்து ஆரம்பிச்சுடலாம். கூட்டிட்டு வாங்க, தள்ளிப்போடாதீங்க."

அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னேன். உன் உயரம் குறைந்திருக்கிறது, பலகை எட்டாதது அதனால்தான், ஒரு படம் எடுத்துவிடலாம் என்றேன். சரோஜா முக்காலியை விட்டு இறங்காமலே பதில் சொன்னாள்: "நான் எங்கயும் குறையலை. வெள்ளையடிச்சப்ப அந்தப் பலகையை நீங்கதான் மேல ஏத்தி அடிச்சிருக்கீங்க."

பாயின் சந்தேகம்

அந்த வாரம் மார்க்கெட்டில் மட்டன் கடை வைத்திருக்கும் ஒரு பாய், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் நிற்கும் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பாய் மூன்றையும் தாண்டி வந்து திரையைப் பார்த்தார். "நடுவுல கெட்டியா வெள்ளையா இருக்குது, சரி. முனையில என்னா இது, வலை மாதிரி? அரிச்சுப்போச்சா?"

எலும்பு உள்ளே அப்படித்தான் என்றேன். நடுத்தண்டு ஒரு குழாய். அதன் சுவர் கெட்டி, அதனால் படத்தில் இரண்டு பக்கமும் பளிச்சென்று வெள்ளை விளிம்பு; நடுவில் மஜ்ஜை இருக்கும் இடம் கொஞ்சம் மங்கல். முனைக்கு வர வரச் சுவர் மெலிந்துபோகும். உள்ளே பன்னைப் பிய்த்துப் பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி கண்ணறை கண்ணறையாக இருக்கும். அந்த இழைகள்தான் பளுவைத் தாங்குகின்றன. "நீங்க பார்க்காததா பாய்? நல்லியை உடைச்சா மஜ்ஜை, மூட்டுப் பக்கமா வெட்டினா பஞ்சு. அதேதான் இது." உலகத்தில் இதை ஒருவருக்கு விளக்கவே தேவையில்லை என்றால் அது அந்த மனிதருக்குத்தான் என்று நினைத்தேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரே, அது ஜான்வர் எலும்பு. உன் மிஷினு ஆட்டு எலும்பு பார்த்தே பழகியிருக்குது. மனுசன் எலும்பு காட்ற மிஷினு எங்க இருக்குது சொல்லு, நான் அங்க போறேன்."

இதை வீட்டில் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முதுகெலும்புக் கட்டைகளுக்குள் இருப்பது முக்கால்வாசியும் அந்தப் பஞ்சு எலும்புதான், வயசானால் முதலில் மெலிவதும் அதுதான் என்று சிரிப்போடு சிரிப்பாகப் புரியவைத்துவிடலாம் என்று பார்த்தேன். சரோஜா சிரிக்கவில்லை. தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள். "நல்லி, மஜ்ஜைன்னு கறிக்கடைக்காரர் மாதிரி பேசறீங்க. என்னையும் அப்படிப் பார்த்துட்டீங்கன்னா, அப்புறம் நான் சோறு போடறப்ப உங்களுக்குக் கை தெரியுமா, எலும்பு தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பயம் மெஷினைப் பற்றியதில்லை. மெஷினுக்குப் பின்னால் நிற்கிற என்னைப் பற்றியது.

இன்ஜினியர் தம்பி

கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, சோபாவிலிருந்து குதித்து விழுந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னப் பெண், முதல் வகுப்பு. மணிக்கட்டைப் படமெடுத்தேன். எலும்பு உடையவில்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். கும்பிட்டுவிட்டுப் போனவர், லிஃப்ட் வாசலிலிருந்தே போனைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். படத்தைச் சென்னையிலிருக்கும் தம்பிக்கு அனுப்பினாராம். தம்பி அதில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். எலும்பு முனையில் குறுக்கே இருட்டுக் கோடு, துண்டாகத் தனியே நிற்கிறது, இது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேள்வி.

டாக்டரம்மாவே வெளியே வந்து விளக்கினார். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கும். எலும்பு நீளுவது அந்த இடத்தில்தான். குருத்தெலும்பு கதிரைத் தடுக்காது. அதனால் படத்தில் ஒன்றுமே இல்லாததுபோல, ஒரு வெட்டுபோலத் தெரியும். வளர்ந்து முடிந்ததும் மூடிக்கொள்ளும். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியர் மேடம். கேப் இருந்தா கேப்தான்னு சொல்றான்" என்றார். வாசலில் கூட்டம் நின்றது. டாக்டரம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். அந்தப் பெண்ணின் நல்ல கையையும் படமெடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே இடத்தில், அதே கோடு. இனிமேலாவது விட்டுவிடுவார் என்று மூச்சு விட்டேன். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "அய்யோ, அப்போ ரெண்டு கையும் உடைஞ்சிருக்குதா!"

இதையும் போய் வீட்டில் சொல்லியிருக்க வேண்டாம். வாயை அடக்கத் தெரியாமல், அதைக் கேட்டு அந்தச் சின்னப் பெண் அழுததுவரை சொன்னேன். சரோஜா ஒரு மாம்பழத்தை வெட்டிக்கொண்டே தீர்ப்பு வழங்கினாள்: "நல்லா இருக்கிற கையை மேஜை மேல வெச்சே அந்தப் பொண்ணை அழவெச்சு அனுப்பியிருக்கீங்க. வலிக்கிற முதுகை வெச்சா என்ன பண்ணுவீங்களோ, எனக்கு வேண்டாம்மா."

வெல்டிங்

ஒக்கலிபுரத்து ஆட்டோக்காரர் ஒருவர் முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தார். நாட்டு வைத்தியர் போட்ட கட்டு. மூங்கில் சிம்பு, முட்டை வெள்ளைக்கரு, ஏதோ மாவு, அதற்கு மேல் சுற்றிச் சுற்றித் துணி. எலும்பு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஆனால் கட்டைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் வைத்தியர் மறுபடி கட்டமாட்டாராம். "பேடா சார், வேண்டாம், அதைத் தொடாதீங்க. ஈயக் கதவு போட்டு அடைக்கிற அளவுக்குப் பவர் இருக்குன்னு சொல்றீங்க, ஒரு முட்டையைத் தாண்டிப் பார்க்காதா உங்க மிஷினு?" பார்க்கும்தான். ஆனால் மாவு முழுக்கப் பனிமூட்டமாக விழும், உள்ளே எலும்பு இருக்கும் இடம் தெரியாது. ஒருமுறை எடுத்தே காட்டினேன். பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு வைத்தியருக்குப் போன் போட்டார், அவர் என்னோடு சண்டை போட்டார், நான் அவரோடு போட்டேன். கடைசியில் கட்டு பிரிந்தது.

எலும்பு நன்றாகவே கூடிக்கொண்டிருந்தது. உடைந்த இடத்தைச் சுற்றி, எலும்பின் மேல்தோலிலிருந்து புது எலும்பு சுரந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டதுபோல உருண்டையாக ஒரு வெள்ளை மேகம். நல்ல சேதி அது. அவருக்கோ முகம் வெளிறிவிட்டது. "கட்டியா சார்?" என்றார். கட்டியில்லை, நீங்கள் ஆட்டோ சேசிஸுக்கு வெல்டிங் வைத்தால் மேலே புடைத்துக்கொண்டு நிற்குமே, அது மாதிரி, நாளாக ஆகத் தானே தேய்ந்து சமமாகிவிடும் என்றேன். வெல்டிங் என்றதும் முகம் தெளிந்தது. திரைக்குப் பக்கத்தில் போய் நன்றாகப் பார்த்தார். "ஃபினிஷிங் சரியில்லையே சார். இப்பவே கொஞ்சம் கிரைண்டிங் போட்டுக் குடுத்துடச் சொல்லுங்க டாக்டரை, இன்னொரு தபா வரமுடியாது."

வீட்டுக்குப் போய் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. இருந்தும் பிரயோஜனமில்லை. ஆட்டோக்காரர் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் யாருக்கோ மச்சான். மறுநாளே கதை மாடியேறி வந்துவிட்டது. சரோஜா எனக்குக் காபி கொடுக்கும்போது கேட்டாள்: "எலும்பு தானே வெல்டிங் வெச்சுக்குமாமே? ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எனக்கு மட்டும் வெச்சுக்காதா?"

மரியாதையான இடம்

வைத்துக்கொள்ளவில்லை. படுக்கையிலிருந்து எழ என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் காலை குளியலறை வாசலில் கால் வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினாள். சத்தம் கேட்டு ஓடினேன். டாக்டரம்மா சொன்ன அந்த இடுப்பெலும்பு என் கண் முன்னால் வந்து நின்றது. கெஞ்சினேன். கோபித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமலும் இருந்து பார்த்தேன். அவளுக்கு அது ஓய்வாக இருந்ததே தவிர வேறு பலன் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் இலைப் பக்கத்தில் ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அல்சூர் பக்கம் வேறு ஏதோ ஒரு சென்டருக்குப் போய்த் தானே முதுகைப் படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்! ஆயுள் முழுக்க எக்ஸ்ரே எடுத்தவனின் பெண்டாட்டி, அடுத்தவன் கடையில். கோபத்தை விழுங்கிக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். நசுங்கியிருக்கும் என்று எந்தக் கட்டையை எதிர்பார்த்தேனோ, விலா எலும்புகள் முடிகிற இடத்தில், சரியாக அதன் மேலே ஒரு கொத்து ஊக்கு. பெண்கள் அவசரத்துக்கு உதவும் என்று தாலிச் சங்கிலியில் மாட்டி வைப்பார்களே, அந்த ஊக்குகள். கம்பி, வளைவு, தலை, எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. கழற்றமாட்டேன் என்று அவள் சொன்னதும், அங்கிருந்த பெண் பரவாயில்லை என்று விட்டுவிட்டாளாம். "எவ்ளோ மரியாதையான பொண்ணு தெரியுமா? 'ஆன்ட்டி, கஷ்டப்படாதீங்க, சும்மா முதுகுப் பக்கம் தள்ளிக்கோங்க'ன்னு சொல்லிச்சு. உங்களை மாதிரி கத்தலை."

மறுநாள் அந்தப் படத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஊக்கு எல்லாமே நல்லா இருக்கு, ஒண்ணுகூட உடையலை. எலும்பைத்தான் காணோம்."

மஞ்சள் கிழங்கு

இப்போது சரோஜா கொஞ்சம் இறங்கி வந்தாள். வேறு வழியில்லை, தலையணை வைத்துச் சாய்ந்தாலும் வலித்தது. "சரி, வரேன். உங்க இடத்துக்கே வரேன். ஆனா தாலியைக் கழட்டமாட்டேன்." சங்கிலியை அப்படியே வைத்து எடுத்தால் மறுபடி ஊக்கைத்தான் பார்க்கலாம் என்றேன். ஊக்கை எடுத்துவிடுகிறேன் என்றாள். தங்கமும் அப்படித்தான் விழும் என்றேன். கழுத்தோடு தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். அப்போது கை எலும்பு குறுக்கே வரும் என்றேன். "நீங்க குத்துக்கல்லாட்டம் எதிர்ல நிக்கறப்ப நான் எதுக்குக் கழட்டணும்?" என்று பேச்சை முடித்தாள். இதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் நாளில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் கழிகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "கழட்டியாச்சா?" என்போம், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது.

இரண்டு நாள் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் சென்டருக்கு வந்தாள். வரவேற்பில் இருக்கும் நாகரத்னா அவளை உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனாள். நான் வழக்கம்போலக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, வழக்கம்போலவே கத்தினேன். "ஆச்சு, ஆச்சு" என்று குரல் வந்தது. நீல அங்கியோடு வெளியே வந்தவளின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மறுபடியும் என்ன அது?" என்றேன். கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள். நுனியில் ஒரு மஞ்சள் கிழங்கு. சங்கிலி அறுந்து தட்டாரிடம் போகும்போது பெண்கள் என்ன செய்வார்கள்? முதலில் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்வார்கள், பிறகுதான் சங்கிலியைக் கழற்றுவார்கள். கழுத்து ஒரு நிமிஷமும் வெறுமையாக இருக்காது. என் அம்மா செய்து பார்த்திருக்கிறேன், சரோஜாவே செய்து பார்த்திருக்கிறேன். அந்தக் கிழங்கில் கதிரைத் தடுக்க என்ன இருக்கிறது? கதிர் தசையைத் தாண்டுவதுபோல அதையும் தாண்டிப் போய்விடும்.

தாலிக்காகச் சண்டை போட்டுவிட்டுப் படம் எடுக்காமலே திரும்பிப்போன பெண்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். "ஏன் சரோஜா, இத்தனை வருஷத்துல ஒரு பொம்பளைகூட இதை எங்கிட்ட சொல்லலையே?" என்று கேட்டேன். சரோஜாவுக்கு முன்னால் நாகரத்னா முந்திக்கொண்டாள். "நீங்க யாரைக் கேட்டீங்கண்ணா? கழட்டு கழட்டுன்னு கத்தினா, நின்னு யோசனை சொல்லிட்டா இருப்பாங்க?"

அந்தப் படம்

மேஜையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். முழங்காலை மடக்கி, இடுப்புக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை கொடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றேன். "மூச்சை விடு. அப்படியே நிறுத்து. அசையாதே" என்றேன். "எவ்ளோ நேரம் நிறுத்தணும்?" என்று கேட்டாள். படம் ஆடிவிட்டது. மறுபடி சொன்னேன். "நிறுத்திட்டேன்" என்று அறிவித்தாள். அதுவும் ஆடிவிட்டது. பேசாமல் நிறுத்து என்றேன். "பேசாம எப்படிங்க நிறுத்தினேன்னு சொல்றது?" என்றாள். நாகரத்னா வெளியே சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது முறை ஒருவழியாக வாயை மூடினாள். பொத்தானை அழுத்தினேன்.

திரையில் வந்தது. பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல வரிசையாக முதுகெலும்புக் கட்டைகள். நான் நினைத்த இடத்தில் ஒரு பெட்டி முன்பக்கமாக நசுங்கி, ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. மற்றவை நின்றன, ஆனால் எல்லாமே மங்கல். பஞ்சு எலும்பில் குறுக்கே ஓடும் இழைகள்தான் முதலில் போகும். நெடுக்கு இழைகள் மட்டும் நிற்கும். சரோஜாவின் எலும்பில் அவை தூரத்து மழைபோல மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. சுற்றிலும் பென்சிலால் வரைந்ததுபோல ஒரு விளிம்பு. யார் யாருடைய எலும்பையோ அப்படிப் பார்த்திருக்கிறேன். படத்தின் மூலையில் இருக்கும் பெயரை இரண்டு தரம் படித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா அன்றே மருந்து ஆரம்பித்தார். மாத்திரை, வெயில், ராகி, இடுப்புக்குப் பெல்ட். சிலிண்டரைத் தொடவே கூடாது என்றார். காலால் உருட்டினால் தொட்டதாக ஆகாது என்று சரோஜா அவரிடமே வாதாடினாள். நசுங்கியது நசுங்கியதுதான், அது நிமிரவில்லை. பலகையைத்தான் நான் கீழே இறக்கி அடித்தேன். ஆனால் அடுத்த கட்டை நசுங்கவில்லை, இடுப்பும் உடையவில்லை. சில வருஷங்கள் கழித்து அவள் போனது நெஞ்சில் சளி கட்டி வந்த காய்ச்சலால். கடைசி வாரம் வரைக்கும் தன் காலாலேயே நடந்தாள். தன் வாயாலேயே பேசினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

படம் எடுத்த அன்று நான் திரைக்கு முன்னால் நின்றபோது, அவள் அங்கியோடு பின்னால் வந்துவிட்டாள். மூன்று மொழி எச்சரிக்கை அவளையும் தடுக்கவில்லை. திரையை அணைக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள். இத்தனை நாள் பயந்த விஷயம் இதோ எதிரில் நிற்கிறது, அழப்போகிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. என் பக்கம் திரும்பியபோது அந்த முகத்தில் இருந்தது வெற்றி. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குண்டு, குண்டுன்னு சொல்லி என் மானத்தை வாங்கினீங்களே, இப்பப் பாருங்க நல்லா. உள்ள எவ்ளோ ஒல்லியா இருக்கேன்!"

எக்ஸ்ரே எடுக்க ஒரு நொடி போதும். ஆளை அந்த மேஜையில் படுக்கவைக்கத்தான் ஓர் ஆயுள் ஆகிறது.